முதல் அடி யாருடையது

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டது ஒரு பதிப்பகம். பள்ளி நூலகங்களுக்காக நற்குணக் கதைகள் என்று ஒரு வரிசை கொண்டுவருகிறார்களாம். கதைக்கு ஒரு குணம். நேர்மை, சிக்கனம், பெரியோரை மதித்தல் எல்லாம் ஏற்கெனவே வேறு எழுத்தாளர்களுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது தன்னடக்கம். கராத்தேயை வைத்து எழுதுங்கள், ஜப்பான்காரர்களின் தத்துவம் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று போனில் பேசிய உதவி ஆசிரியர் யோசனையும் சொன்னார். சண்டைக்காரப் பிள்ளை ஒன்று, கண்டிப்பான மாஸ்டர் ஒருவர், கடைசியில் பிள்ளை கோபத்தை விட்டுப் பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஒப்புக்கொண்டேன். தருமபுரியில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பானுமதி கராத்தே ஆசிரியை. தகவல் தேடி எங்கேயும் அலைய வேண்டாம், மாடிப்படி ஏறினால் போதும் என்று நினைத்தேன். ஏறினேன். இறங்கி வரும்போது என்னிடம் இருந்தது அவர்கள் கேட்ட கதை இல்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் நடை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'ஜப்பான் நாட்டின் ஒரு தீவில், கடலைப் பார்த்தபடி வெறும் கையுடன் ஒரு மனிதர் —'

[விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த பெரிய நீர்நிலை ஒகேனக்கல். கடலைப் பார்த்தபடி நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.]

இரண்டாவது:

'கலைமணி சிறு வயதிலிருந்தே முரட்டுப் பெண் —'

[பொய். அவள் முரட்டுப் பெண் இல்லை. பதிப்பகத்துக்கு வேண்டியிருந்ததால் அப்படி எழுதினேன். முதலில் முரடாக இருந்தால்தானே கடைசியில் பணிய முடியும்?]

மூன்றாவது:

'ஓடும் பேருந்தில் கலைமணியின் முழங்கை அந்த மனிதரின் மூக்கில் இறங்கியது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் —'

இது நல்ல தொடக்கம்தான். எடுத்த எடுப்பில் ஆளைப் பிடித்து இழுக்கும். எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. பிறகு பானுமதி தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பின் இருக்கையிலிருந்து யாரோ எடுத்தது. பென்னாகரம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் எல்லாம் சுற்றியிருக்கிறது. அதுவும் சரியாக அந்த முழங்கையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அதில் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண் வயதில் மூத்த ஒரு மனிதரை அடிக்கிறாள், அவ்வளவுதான் தெரியும்.

என் மூன்றாவது தொடக்கமும் அந்த வீடியோவும் ஒன்றே. மூன்றாவதையும் கிழித்துப் போட்டேன்.

கராத்தே கற்பவர்களுக்குப் பழைய காலத்திலிருந்து ஒரு பாடம் உண்டு: கராத்தேயில் முதல் அடி கிடையாது. நீயாகத் தாக்காதே, தாக்க வந்தால் தடு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் எது முதல் அடி என்று யார் முடிவு செய்வது? கதையை எங்கே தொடங்குகிறோமோ, அங்கே கை ஓங்கியிருப்பவர்தான் முதலில் அடித்தவர். வீடியோ எடுத்தவனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எழுதுகிற எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

ஆகவே பேருந்தில் இன்னும் ஏறவில்லை. பானுமதியிலிருந்து தொடங்குகிறேன்.

3

பானுமதிக்குச் சொந்த ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். அப்பா லாரி ஓட்டியவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கராத்தே வகுப்பில் சேர்ந்து, கருப்பு பெல்ட் வரைக்கும் வந்தவள். அந்த வகுப்பின் மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு மூங்கில் பிரம்பு இருக்குமாம். நிற்பது சரியில்லை என்றால் தொடையில் விழும். பேசினால் முதுகில் விழும். குணத்தை வளர்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அடிப்பாராம்.

"அடி வாங்கினா குணம் வரும்னா, எங்க ஊரு மாடுங்க எல்லாம் மகான் ஆயிருக்கணும்க்கா" என்றாள் பானுமதி.

அவள் பிரம்பு வைத்துக்கொள்வதில்லை. அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குச் சில மாதம் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். அதற்குத் தற்காலிக ஆசிரியையாகப் போகிறாள். ஏரியூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி அவளுக்கு ஒதுக்கப்பட்டது. (ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் அங்கேதான் இன்னும் இருக்கிறார்கள்.) வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகள் ஐந்து உறுதிமொழிகளைச் சத்தமாகச் சொல்வார்கள். ஜப்பானிலிருந்து வழிவழியாக வந்ததைப் பானுமதி தன் தமிழில் ஆக்கி, மைதானத்துச் சுவரில் நீல பெயின்டில் எழுதியும் வைத்தாள். குணத்தைச் செம்மையாக்கு. உண்மையாக இரு. முயற்சியை விடாதே. பிறரை மதி. மூர்க்கத்தை அடக்கு.

ஐந்தும் நல்லவைதான். என் கோபம் அந்த ஐந்தின் மேல் இல்லை. அவற்றை யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பதில்தான்.

கலைமணி அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. அப்பா மாது மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிறவர். அம்மா குள்ளம்மாள். கராத்தேயில் அவள் பெரிய கெட்டிக்காரி என்று எழுத ஆசைப்பட்டேன். பானுமதி விடவில்லை. கலைமணிக்கு அசைவுகளின் வரிசை மறந்துபோகுமாம். இடது என்றால் வலது பக்கம் திரும்புவாளாம். குத்து விட்டால் காற்றுக்குக்கூட வலிக்காது. ஒன்றே ஒன்று நன்றாக வரும், நிற்பது. காலை அகட்டி, முட்டியை மடக்கி, பார்வையை நேராக வைத்து அப்படியே நிற்பாள். பக்கத்துப் பிள்ளைகள் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்ட பிறகும் நிற்பாள்.

4

பள்ளியிலிருந்து அந்தப் பிள்ளைகளின் கிராமங்களுக்குச் சாயங்காலம் ஒரு பேருந்துதான். அதை விட்டால் நடக்க வேண்டும். அந்தப் பேருந்தில் தினமும் வருகிற ஆள் ஒருவர் இருந்தார். அதே பகுதிக்காரர். டிராக்டர்களும் ஹாலோபிளாக் சூளையும் வைத்திருக்கிறவர்.* மோட்டார் சைக்கிள் இருந்தும் பேருந்தில் வருவார். பிள்ளைகள் ஏறுகிற நிறுத்தத்தில் இருக்கையை விட்டு எழுந்து நிற்பார். அடடா, எவ்வளவு மரியாதை என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம். எழுந்து நின்றால்தான் கூட்டத்துக்குள் கை போகும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

* [எழுதிய பிறகு விசாரித்தேன், ஹாலோபிளாக்கைச் சூளையில் சுடுவதில்லை, வெயிலில் காய வைப்பார்களாம். பட்டறை என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஆளைப் பற்றிய மற்ற எதையும் திருத்த வேண்டியதில்லை.]

பிள்ளைகள் அவர்களாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வார்கள். உயரமான பெண்கள் வெளிப்பக்கம், சிறிய பிள்ளைகள் ஜன்னல் பக்கம். யார் எந்த நாள் வெளியே நிற்பது என்று முறை இருந்தது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. எந்த ஆசிரியரிடமும் அவர்களும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்பார்கள். அதுதான் நடக்கும்.

முதல் அடி இதுதான். மாதக்கணக்காக விழுந்துகொண்டிருந்தது. எந்த வீடியோவிலும் இல்லை.

அன்றைக்கு ஆறாம் வகுப்பு நிர்மலா கடைசியாக ஓடிவந்து ஏறினாள். ஜன்னல் பக்கம் போக இடமில்லை. அந்த ஆளுக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். அவர் கை அவள் தோளில் விழுந்தது. அங்கேயே நிற்கவில்லை. நிர்மலா சத்தமில்லாமல் அழுதாள். கலைமணி இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு அங்கே வந்தாள். கையை எடுங்க என்றாள். அவர் சிரித்தார். கையை எடு என்று மறுபடியும், மரியாதை இல்லாமல் சொன்னாள். பேருந்தில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டாவது கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் கையை எடுத்தார், கலைமணியின் இடுப்பில் வைத்தார்.

அப்போதுதான் முழங்கை. அப்போதுதான் பின் இருக்கையில் போன் உயர்ந்தது.

மூக்கெலும்பு உடைந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. நடத்துனர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கச் சொன்னார். அந்த ஆளை இல்லை. பிள்ளைகளை. மரவள்ளிக் காட்டு ஓரமாகப் பைகளோடு அவர்கள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் கலைமணியின் வீரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். தன்னைவிடச் சிறியவளைக் காக்க எழுந்த தாய்மை என்று ஏதோ வரும். பிற்பாடு அவளைப் பார்த்தபோது அதை வாசித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். "நான் யாரையும் காப்பாத்தணும்னு அடிக்கலைங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அடிச்சேன்" என்றாள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

5

தலைமையாசிரியர் தமிழ்மணியைக் கெட்டவராக எழுதிவிட்டால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். எழுதிப் பார்த்தேன். தொந்தி, தங்க மோதிரம், கறைபடிந்த பல். நான்கு வரிக்குள் ஆள் தயார்.

[அவருக்குத் தொந்தி இல்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கட்டவைத்தவர் அவர்தான். பிள்ளைகளை அம்மாடி என்றுதான் கூப்பிடுவார். இவ்வளவையும் எழுதிவிட்ட பிறகு என் கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் கூடியது.]

மறுநாள் அவர் பானுமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறைகளுக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர் அந்த ஆள். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர் சிவப்பில் எழுதியிருக்கிறது. அடுத்து சுற்றுச்சுவருக்கும் பொறுப்பெடுத்திருக்கிறார். போலீசுக்குப் போகிறேன் என்றவரைத் தாம்தான் பேசி நிறுத்தி வைத்திருப்பதாகத் தமிழ்மணி சொன்னார்.

போலீசுக்குப் போக வேண்டியது நாம்தானே என்று பானுமதி கேட்டாள். குழந்தைகளிடம் இப்படி நடக்கிறவர்களுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பள்ளிக்கே குற்றம். தமிழ்மணிக்கு அது தெரியாமல் இல்லை. நிர்மலாவின் அம்மா காலையிலேயே வந்து, என் பிள்ளை பெயரை இழுக்காதீர்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அழுதுவிட்டுப் போனதைச் சொன்னார். அப்புறம் எழுந்து ஜன்னலண்டை போய் மைதானத்துச் சுவரைக் காட்டினார்.

"நீங்க எழுதினதுதானேம்மா. மூர்க்கத்தை அடக்கு. அஞ்சாவது. அதைத்தான் அந்தப் பொண்ணு மீறியிருக்குது."

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அந்த ஆள் வருவார். கலைமணி எல்லார் முன்னாலும் போய், வாயால்கூடச் சொல்ல வேண்டாம், கராத்தேயில் செய்வது போலக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தால் போதும். அதைப் பானுமதியே பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும். பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒழுக்கம் வரும். இல்லையென்றால் போலீஸ், டி.சி., எல்லாம் தாமாகவே நடக்கும்.

இந்த யோசனையைச் சொன்னவர் அந்த ஆள். ஜப்பானைப் பற்றி அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

6

[இனி வருவது கட்டுரை. கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் போகாதீர்கள்.]

குணத்தை வளர்ப்பது என்ற வேலையை எப்போதும் யாரிடம் தொடங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். சம்பளம் கொடுப்பவரிடம் இல்லை, வாங்குபவரிடம். மாமனாரிடம் இல்லை, மருமகளிடம். பொறுமை என்றால் யாரை மிதிக்கிறார்களோ அவருக்குச் சொல்லித்தரப்படுகிற பாடம். மிதிக்கிறவருக்கு அந்தப் பாடவேளையில் விளையாட்டு.

கராத்தே இதைச் சொல்லவில்லை. பானுமதி எனக்குச் சொன்னபடி, ஆட்டத்துக்கு முன்னால் குனிவது பயத்தால் இல்லை. உன்னை நான் மதிக்கிறேன், உன்னை அழிக்க வரவில்லை என்று இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தருகிற வாக்கு அது. அடக்கம் என்பது அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருப்பது. அடிக்கத் தெரியாதவளைப் பார்த்து அடங்கு என்று சொல்வதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. அதை நம் ஊரிலேயே ஏராளமாகச் செய்கிறோம்.

கட்டுரை முடிந்தது.

7

இந்த இடத்தில் பானுமதி எழுந்து நின்று முடியாது என்று சொன்னதாக எழுத விரும்பினேன். எழுதினேன். நன்றாக வந்தது. மாடிக்குப் போய் வாசித்தபோது அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் அப்படிச் சொல்லலையேக்கா. யோசிக்கறேன் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்று மாலை அவளுடைய பழைய மாஸ்டர், பிரம்புக்காரர், போன் செய்திருக்கிறார். வீடியோ அவருக்கும் வந்திருந்தது. கராத்தேயின் பெயரைக் கெடுக்காதே, அந்தப் பெண்ணைக் குனியச் சொல், குனிந்தால் முதுகு ஒன்றும் ஒடிந்துவிடாது என்றார். அவர் குரலைக் கேட்டதும் பானுமதி போனைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டாளாம். இத்தனை வருடம் கழித்தும் தொடை விறைத்துக்கொண்டது என்றாள்.

அப்புறம் கலைமணியின் வீட்டுக்குப் போனாள். மாது வாசலிலேயே நின்றிருந்தார். வீடியோ வந்த நாளிலிருந்து அவர் மகளிடம் பேசவில்லை. டி.சி. கொடுத்துவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், முடித்துவிடுவேன் என்று பானுமதியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். கலைமணிக்குப் பதினாறு முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு வணக்கமா, ஒரு கல்யாணமா என்று பானுமதி நினைத்துப் பார்த்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கலைமணியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குனிஞ்சுட்டு வந்துரு சாமி. படிப்பு நிக்கக் கூடாது."

கலைமணி சரிங்க மிஸ் என்றாள்.

(பானுமதி மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. அப்புறம் அந்த வாசலில் என்னை நிற்க வைத்துப் பார்த்தேன். அவளிடம் இருந்தது இரண்டே கதவு, இரண்டுக்கும் பூட்டைப் போட்டது வேறு யாரோ. கோபத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.)

8

திங்கட்கிழமை. மைதானத்தில் பிள்ளைகள் வரிசை. மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த ஆள், மூக்கில் பிளாஸ்திரியோடு. சால்வை போட்டிருந்தார்கள். தனக்கு ஏன் சால்வை என்று அவரே கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் மாதுவும் குள்ளம்மாளும். தமிழ்மணி மைக்கில் ஒழுக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். பிறகு பானுமதியைப் பார்த்தார். பானுமதி கலைமணியைப் பார்த்தாள்.

கலைமணி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். கால் சேர்த்து, கை பக்கவாட்டில். அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவள் குனியவில்லை. காத்திருந்தாள். ஆறாம் வகுப்பு வரிசைவரைக்கும் சலசலப்பு போய் அடங்கியது. ஏம்மா, வணக்கம் வை என்றார் தமிழ்மணி மைக்கை மறைத்துக்கொண்டு. அப்போதுதான் அவள் பேசினாள். பிள்ளைகள் உறுதிமொழி சொல்கிற அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி.

"கராத்தேல ரெண்டு பேரும்தாங்க சார் குனியணும். எந்திரிச்சு வரச் சொல்லுங்க. மொதல்ல அவரு ஆறாவதுப் புள்ளைங்க வரிசைக்கு முன்னாடி போயி குனியட்டும். அப்புறம் நான் குனியறேன்."

யாரும் கை தட்டவில்லை. [கைதட்டல் ஒன்று எழுதி எடுத்துவிட்டேன்.] பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். சில ஆசிரியர்களும் தரையைப் பார்த்தார்கள். அந்த ஆள் சிரிக்கப் பார்த்தார். மூக்கு வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். சால்வை கீழே விழுந்தது. காருக்குப் போய்விட்டார். அன்றைக்குக் காரில்தான் வந்திருந்தார். பேருந்து அவருக்கு வேறு வேலைக்கு.

கூட்டம் கலைந்தபோது கலைமணி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாது வேகமாக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பானுமதி நடுவில் போய் நின்றாள். அவர் மகளின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

அது பெருமையா, கோபமா என்று பிற்பாடு நான் அவரிடம் கேட்டேன். ஒரு எழுத்தாளர் கேட்கக்கூடிய கேள்விதான். பை கனமாக இருந்தது என்று மட்டும் சொன்னார் மாது.

9

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருப்பேன். முடியவில்லை.

பானுமதிக்கு அந்தப் பள்ளியில் பயிற்சி பாதியில் நிறுத்தப்பட்டது. சுவரில் இருந்த ஐந்து வரிகள் மேல் வெள்ளையடித்தார்கள். குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவள் போன் செய்தாள். இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். நிர்மலாவின் அம்மா ஒன்றும் நடக்கவில்லை என்றார். பேருந்தில் இருந்தவர்கள் தாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றார்கள். கலைமணி தன் இடுப்பில் கை வைத்ததைச் சொன்னாள். அடித்ததை மறைக்க இப்படிச் சொல்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே மாது அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னார். என்னால் இந்த இரண்டு மாதுவையும் ஒரே ஆளாக எழுத முடியவில்லை. ஆனால் அவர் ஒரே ஆள்தான். பானுமதி இதைக் கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குள்ளம்மாள் முடித்து வைத்திருந்தார்.

வந்தவர்களுக்கு டீ கொடுத்தபடி அவர் சொன்னாராம்: "இவ ஒருத்தன் மூக்க ஒடச்சவங்க. பின்னாடி வந்து சொல்லலைன்னு சொல்லக் கூடாது பாருங்க."

அவர்கள் டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மாது அன்றைக்குக் காட்டுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. தமிழ்மணியைப் போய்ப் பார்த்து டி.சி. வாங்கி வந்தார்.

அந்தத் தாளில் 'ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு கட்டம் உண்டு. நல்லது என்று ஒரே சொல்லை எல்லாருக்கும் போடுவார்கள். யாரும் வாசிப்பதில்லை. கலைமணியின் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. தமிழ்மணியால் நல்லது என்று எழுத முடியவில்லை, சுற்றுச்சுவர் இன்னும் பாதியில் நின்றது. நல்லதில்லை என்று எழுதவும் அவருக்குக் கை வரவில்லை, அவர் நல்லவர். நல்லவர் என்பதால் காலியாக விட்டார். அவரை எனக்கு இந்தக் கட்டத்தில்தான் சுத்தமாகப் பிடிக்காமல் போனது.

பானுமதியும் நானும் கலைமணியைக் கூட்டிக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்குப் போனோம். முதல் பள்ளியில் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்கள். இரண்டாவதில் வீடியோவையே பார்த்திருந்தார்கள். பென்னாகரத்தில் மூன்றாவது ஒரு பள்ளி. அங்கே இருக்கிற தலைமையாசிரியை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள், பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். மாது வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை.

10

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

பதிப்பகம் கேட்பது: கலைமணி குனிகிறாள். குனிந்து எழும்போது கண்களில் ஒளி. வலிமை என்பது அடிப்பதில் இல்லை என்று உணர்கிறாள். உதவி ஆசிரியர் நேற்றும் போன் செய்தார். மேடம், கடைசிப் பத்தியை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிரமாதம் என்றார்.

நான் ஆசைப்பட்டது: அந்தப் பேருந்தில் மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் கலைமணி நிற்பது போலக் காலை அகட்டி, முட்டியை மடக்கி —

[முடிக்கவில்லை. அழகாக இருக்கிறது, நடக்கவில்லை. பிள்ளைகள் இன்னும் பையை முன்பக்கம்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.]

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தக் காலிக் கட்டத்தை உங்கள் முன்னால் வைப்பது. வாசகரே, கலைமணியின் ஒழுக்கத்தையும் பண்பையும் நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது. கதையை வாசகர் கையில் ஒப்படைக்கிற முடிவு. கௌரவமான முடிவும்கூட.

இன்று காலை கலைமணி, பானுமதி மாடியில் நடத்துகிற வகுப்புக்காகத் தருமபுரிக்கு வந்திருந்தாள். வகுப்பு முடிந்து மாடியிலிருந்து இறங்கியவளை உட்கார வைத்து இதை முழுதும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள். காலிக் கட்டத்தை வாசகர்கள் நிரப்புவார்கள் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்கல்லாம் யாருங்க, எனக்கு எழுதறதுக்கு?"

நல்லது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள் என்று சமாதானம் சொன்னேன். எழுத வேண்டாம் என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் அது கேட்டுக்கொள்வதாகவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் போனவள், அங்கிருந்தே திரும்பி இன்னொன்று கேட்டாள்.

"அந்தாளுக்கு யாருங்க எழுதுவாங்க?"

மூன்றாவது முடிவையும் எடுத்துவிட்டேன். கலைமணிக்கு உங்கள் சான்றிதழ் வேண்டாம். கதையில் மிச்சமிருப்பது அவள் கடைசியாகக் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அது என்னைப் பார்த்துக் கேட்டது மட்டும் இல்லை. அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் அவர் ஏதாவது ஒன்றுக்கு நன்கொடை கொடுத்திருப்பார். எழுதுங்கள்.